பழைய எஞ்சினுக்குப் புதிய தீப்பொறி

ஒன்ராறியோ ஏரிக்கரையில், 1970களில் கட்டிய பாய்ப்படகு ஒன்றை இன்று குறைந்த விலைக்கு வாங்குபவருக்குப் பெரும்பாலும் அதனோடு ஒரு அட்டாமிக் 4 எஞ்சினும் வந்துசேரும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், ஓஷ்கோஷ் என்ற ஊரில் இருந்த யுனிவர்சல் மோட்டர் கம்பனி 1940களின் இறுதியிலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை இதைச் செய்து விற்றது. 40,000க்கும் மேற்பட்ட எஞ்சின்கள். நான்கு சிலிண்டர், பெற்றோல், ஏறத்தாழ 1,050 சிசி, உச்சத்தில் 30 குதிரைவலு. வால்வுகள் தலையில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிற்கும் பழைய அமைப்பு. கனமானது, சத்தம் குறைந்தது, எளிதில் சாகாதது. எங்களுடைய படகு ஒன்ராறியோவிலேயே, நயாகரா-ஒன்-த-லேக்கில் கட்டப்பட்ட ஒரு சி அண்ட் சி 27. கபினுக்குள் இறங்கும் படியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தால் எஞ்சினின் முகம் தெரியும்.

படகு நிற்பது ஸ்காபரோவில், புளஃபர்ஸ் பார்க்கில். செங்குத்தான களிமண் குன்றுகளின் அடிவாரம் அது. சில இடங்களில் குன்று தண்ணீரிலிருந்து 90 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். ஒக்ரோபரில் கிரேன் வந்து படகுகளைத் தூக்கிக் கரையில் வைக்கும். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ மறுபடி இறக்கும். அந்த இறக்கும் நாள்தான் ஆண்டுதோறும் எனக்குச் சோதனை நாளாக இருந்தது. பற்றரி நிறைந்திருக்கும். பெற்றோல் புதிது, பிளக்குகளும் புதிது. எஞ்சின் அறையில் தங்கியிருக்கக்கூடிய பெற்றோல் ஆவியை வெளியேற்ற புளோவரை நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும் (கனடாவில் இது சட்டம்). பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்ராற்றர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பின்னால் கிரேனுக்குக் காத்து நிற்பவர்கள் நாகரிகம் கருதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். முழங்காலில் இருந்து டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்து, றோட்டரைக் கழற்றி, அடியில் இருக்கும் பொயின்ற்ஸின் இரு முகங்களுக்கும் இடையே சிறிய அரம் ஒன்றை மெதுவாக இழுக்க வேண்டும். பனிக்காலம் முழுவதும் ஈரக்காற்றில் சும்மா கிடந்ததால் அந்த முகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பிடித்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டால் அடுத்த திருப்பலிலேயே எஞ்சின் பிடித்துவிடும். சில வாரம் ஓடும். ஓகஸ்ட் வந்ததும் வேகம் கூட்டும்போது இடறத் தொடங்கும். மறுபடி மூடியைத் திறந்தால், பொயின்ற்ஸின் ஒரு முகத்தில் சிறு குழியும் எதிர்முகத்தில் அதே அளவில் ஒரு மேடும் இருக்கும். ஒரு பக்கத்து உலோகம் மற்றப் பக்கத்துக்குப் போய் ஒட்டியிருக்கும்.

இந்த அமைப்பை அறியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். பற்றரியின் 12 வோல்ற் மின்சாரம் ஒரு கொயிலுக்குள் போகிறது. கொயிலின் மறுமுனை பொயின்ற்ஸ் வழியாக எஞ்சின் உடலைச் சேர்கிறது. டிஸ்ரிபியூற்றரின் நடுத்தண்டில் நான்கு மேடுகள். தண்டு சுற்றச்சுற்ற, ஒவ்வொரு மேடும் பொயின்ற்ஸின் கையைத் தள்ளித் திறக்கிறது. திறந்த கணத்தில் கொயிலில் ஓடிய மின்சாரம் அறுபடுகிறது. அங்கே கட்டிவைத்திருந்த காந்தப்புலம் குலைகிறது. கொயிலின் இரண்டாவது சுற்றில் ஏறத்தாழ 20,000 வோல்ற் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. எந்த சிலிண்டருக்குப் போவது என்பதை மேலே சுழலும் றோட்டர் தீர்மானிக்கிறது. அட்டாமிக் 4இல் அந்த ஒழுங்கு 1-2-4-3. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால் பொயின்ற்ஸ் நிமிடத்துக்கு 4,000 தரம் திறந்து மூட வேண்டும். திறப்பின் அளவு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அதைத் தள்ளும் மேட்டில் உரசுவது ஒரு சிறிய பிளாஸ்ரிக் கட்டை. அந்தக் கட்டை தேயத்தேய இடைவெளி குறையும். இடைவெளி குறையப் பொறி பிந்தும். பொறி பிந்தினால் எஞ்சினின் வலு குறையும், சூடு கூடும்.

டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்ல்ஸ் கெற்றரிங், 1910ஆம் ஆண்டளவில் கார்களுக்கென்று உருவாக்கிய முறை இது. எங்கள் எஞ்சினில் இருந்த டிஸ்ரிபியூற்றரும் டெல்கோதான். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்துப் பெற்றோல் கார்களில் பெரும்பாலானவை இந்த அரை மில்லிமீற்றர் இடைவெளியை நம்பித்தான் ஓடின. 1973இல் கிறைஸ்லரும் 1975இல் ஜெனரல் மோட்டர்ஸும் தங்கள் அமெரிக்கக் கார்களில் மின்னணு முறைக்கு மாறிவிட்டார்கள். அட்டாமிக் 4 கடைசிவரை பொயின்ற்ஸோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

என் தாய்மாமா மயிலிட்டியில் மிசின் திருத்துகிறவராக இருந்தவர். யாழ்ப்பாணத்துக் கரையூர்களில் மிசின் என்றால் வள்ளத்தின் பின்னால் பூட்டும் வெளியிணைப்பு மோட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவருடைய கொட்டிலுக்குப் போய்விடுவேன். ஜோன்சன், எவின்றூட் மிசின்கள் மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கும். அவற்றில் பொயின்ற்ஸ் இருந்தது பறக்கும் சக்கரத்துக்கு அடியில். கயிறு சுற்றும் மேற்பகுதியைக் கழற்றி, நடு நட்டை எடுத்து, சக்கரத்தை இழுகருவி போட்டுத் தூக்கினால்தான் பொயின்ற்ஸைக் காண முடியும். உப்புக்காற்று அதற்குள்ளும் போயிருக்கும். மாமா அரம் போட்டு முடிந்ததும் சிகரெட் பெட்டி மட்டையில் ஒரு துண்டு கிழித்து, பொயின்ற்ஸ் முகங்களுக்கு இடையில் வைத்து, மூடவிட்டு இழுப்பார். மட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் போகும்வரை இழுப்பார். அரத்தாள் பக்கம் போகவே விடமாட்டார். அதன் மணல் உலோகத்தில் புதைந்து மறுபடி எரிக்கும் என்பார்.

1980களில் பொயின்ற்ஸ் இல்லாத ஜப்பான் மிசின்கள் வரத் தொடங்கின. ஒரே இழுவையில் பிடிக்கும். இரவு ஒரு மணிக்குத் தொழிலுக்குப் போகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கடலோரத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாமாவும் அவற்றை விரும்பினார். 1990 ஜூனில் மயிலிட்டிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அவர் பருத்தித்துறைப் பக்கம் ஒதுங்கினார். பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வடக்குக்கு வரவில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் பின்பு சொன்னவற்றில் ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. மின்னணுப் பெட்டி செத்த மிசின்கள் கரையில் அப்படியே கிடந்தனவாம். பெட்டிக்குள் இருந்ததெல்லாம் கறுப்பு றெசின் ஊற்றி மூடியது. திறந்து பார்க்க வழியில்லை, வேறு பெட்டி வாங்க இடமில்லை. பொயின்ற்ஸ் வைத்த கிழட்டு மிசின்களை மட்டும் அவர் எதையாவது செய்து ஓடவைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே படகு எஞ்சினுக்கு மின்னணு இக்னிஷன் போடுவோமா என்று யோசித்தபோது நான் முதலில் அழைத்தது அவரைத்தான். எரிந்த பொயின்ற்ஸை வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

“மோனை, இது தேய்ஞ்சதில்லை. எரிஞ்சது.”

“வருசா வருசம் இப்பிடித்தான் மாமா. அதுதான் கழட்டிப்போட்டு மற்றதைப் போடுவம் எண்டு பாக்கிறன்.”

“போடு, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா பொயின்ற்ஸ் ஏன் எரியுது எண்டு முதல் பார். கொயில் என்ன கொயில்?”

கொயில் படகோடு வந்தது. யார் எப்போது பூட்டினார்களோ, மேலே எழுத்து அழிந்துபோயிருந்தது. மல்ரிமீற்றரை எடுத்தேன். இப்படிக் குறைந்த தடையை அளக்கும்போது மீற்றரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். கொயிலின் வயர்களைக் கழற்றிவிட்டு அளந்தேன். 1.5 ஓம்.

அந்த ஒரு எண்ணில் பல ஆண்டுக் கேள்விக்கு விடை இருந்தது. 1.5 ஓம் கொயில் என்பது, வழியில் தனியாக இன்னொரு றெசிஸ்ற்றர் வைத்து மின்சாரத்தைக் குறைக்கும் கார்களுக்கென்று செய்தது. எங்கள் படகில் அப்படி ஒன்று இல்லை. எஞ்சின் ஓடும்போது அல்ற்றனேற்றர் 14 வோல்ற் கொடுத்தால், பொயின்ற்ஸ் வழியாக ஒன்பது அம்பியருக்கு மேல் ஓட முயலும். 3 ஓம் கொயிலாக இருந்தால் ஐந்துக்குள் அடங்கியிருக்கும். பொயின்ற்ஸ் தாங்கக்கூடியதும் அந்த அளவைத்தான். ஆண்டுதோறும் நான் குற்றம் சாட்டிக் கழற்றி எறிந்த பொயின்ற்ஸ், யாரோ பூட்டிய பொருந்தாத கொயிலின் பாரத்தைச் சுமந்து எரிந்தவை.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுவதைப் பிற்பாடு மற்றப் படகுகளில் கண்டேன். பொயின்ற்ஸ் எரிகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, அதே கொயிலில் மின்னணு மொடியூலைக் கோர்ப்பார்கள். பொயின்ற்ஸ் எரிந்தாலும் நொண்டி நொண்டி வீடு கொண்டுவந்து சேர்க்கும். மொடியூல் எரிந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மொடியூலோடு வரும் தாளில் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குக் கொயில் தடை 3 ஓமுக்குக் குறையக்கூடாது என்று அச்சிட்டிருக்கும். அதை வாசிப்பவர்கள் குறைவு.

புதிய 3 ஓம் கொயில் போட்டாயிற்று. இனிப் பொயின்ற்ஸும் ஒழுங்காக உழைக்கும். அப்படியானால் மின்னணு முறைக்கு மாற வேண்டிய தேவை உண்டா? இதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். மாமா மாற வேண்டாமென்று சொல்லவில்லை. இறங்குதுறையில் எங்களுக்கு அடுத்த படகுக்காரர், ஓய்வுபெற்ற வெள்ளைக்கார முதியவர், பெற்றோல் எஞ்சினையே தூக்கியெறிந்து டீசல் போடச் சொன்னார். அதற்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் வேண்டும், படகின் விலையே அவ்வளவு இல்லை. என்னை மாறச் செய்தவை இரண்டு. நல்ல கொயில் இருந்தாலும் பனிக்காலத்துப் படலம் படியத்தான் செய்யும், உரசும் கட்டை தேயத்தான் செய்யும். அதைவிட முக்கியமானது என் மகள். அவள் தன் சிநேகிதிகளோடு தனியாகப் படகெடுக்கும் வயதுக்கு வந்துகொண்டிருந்தாள். துறைமுக வாயிலில், பக்கக் காற்றில், கற்சுவருக்கு அருகே எஞ்சின் தேவைப்படும்போது அது பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து அரம் போட அவளுக்கு அவகாசம் இராது.

வாங்கியது கைக்குள் அடங்கும் ஒரு பொருள். ஒரு கறுப்பு மொடியூல், அதிலிருந்து நீளும் சிவப்பு, கறுப்பு வயர்கள், ஒரு சிறிய பிளாஸ்ரிக் வளையம். வளையத்துக்குள் நான்கு காந்தங்கள் புதைந்திருக்கும். 1879இல் எட்வின் ஹோல் என்ற மாணவர் பல்ரிமோரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மின்சாரம் ஓடும் மெல்லிய தங்கத் தகட்டின் அருகே காந்தத்தை வைத்தபோது குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். மொடியூலுக்குள் இருப்பது அந்த விளைவுதான். காந்தம் ஒவ்வொன்றும் கடந்துபோகும்போது உணரி அதை அறிந்து கொயிலின் மின்சாரத்தைத் திறான்சிஸ்ற்றரால் அறுக்கிறது. தொட்டு உரசும் பகுதி எதுவும் இல்லை. எரிய முகமில்லை, தேயக் கட்டையில்லை.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மகளும் நானும் வேலையைத் தொடங்கினோம். பற்றரி இணைப்பைக் கழற்றினோம். டிஸ்ரிபியூற்றருக்குக் கீழே, எஞ்சினைச் சுற்றி, பழைய துவாய் ஒன்றை விரித்தாள். அங்கே இருக்கும் திருகாணிகள் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரியவை. கைதவறினால் படகின் அடிக்குழியில் விழுந்துவிடும், தேடி எடுக்க முடியாது. காந்தம் ஏற்றிய திருப்புளியால் பொயின்ற்ஸையும், அதன் முகங்களில் பொறி பறப்பதைத் தணிக்கும் கண்டன்சரையும் கழற்றி ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டோம். அடியில் தகட்டுக்குக் கீழே, வேகம் கூடும்போது பொறியை முந்தச் செய்யும் இரண்டு சிறு எடைகள் இருக்கின்றன. அவை துருவேறி இறுகிக் கிடந்தன. மின்னணு மொடியூல் போட்டாலும் இந்த எடைகள் தங்கள் வேலையைச் செய்யவே வேண்டும். கழுவித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, விரலால் இழுத்து விட்டால் ஸ்பிரிங் திரும்ப இழுக்கும்வரை நாங்கள் விடவில்லை. என் பார்வையில் அன்று செய்தவற்றில் பாதிப் பயன் இந்தச் சுத்தத்தால் வந்தது.

காந்த வளையம் தண்டின் மேடுகளுக்கு மேலே அழுத்தமாகப் போய் உட்கார்ந்தது. மொடியூல் பொயின்ற்ஸ் இருந்த துளையிலேயே திருகாணியால் இறுகியது. வளையத்துக்கும் மொடியூலுக்கும் இடையே ஒரு பிளாஸ்ரிக் துண்டை வைத்து இடைவெளி பார்த்தோம். எஞ்சினின் முன்பக்கத்தில் கைபிடி போட்டுச் சுற்றும் வசதி இதில் இருக்கிறது. நான் மெதுவாகச் சுற்ற, மகள் டோர்ச் பிடித்து வளையம் எங்கேயாவது தட்டுகிறதா என்று பார்த்தாள். சிவப்பு வயர் கொயிலின் நேர்முனைக்கு, கறுப்பு எதிர்முனைக்கு. மாறிக் கொடுத்தால் மொடியூல் அந்தக் கணமே போய்விடும். கொயிலை எஞ்சின் தலையின் சூட்டிலிருந்து எடுத்துப் பக்கத்துப் பலகைச் சுவரில் பூட்டினோம்.

உதிரிப்பாகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கார் கடையில் மலிவாகக் கிடைக்கும் டிஸ்ரிபியூற்றரோ, ஸ்ராற்றரோ, அல்ற்றனேற்றரோ படகில் வைக்கக்கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் அது ரோட்டில் கலைந்துபோகும்; படகில் அடியில் தேங்கும். படகுக்கென்று செய்த மின்சாதனங்களில், உள்ளே பொறி எழுந்தாலும் சுவாலை வெளியே தாவாதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். விலை கூடத்தான். இதில் மிச்சம் பிடிக்க நினைப்பவரோடு நான் விவாதமே செய்வதில்லை, அவருடைய படகில் ஏறுவதில்லை.

எல்லாம் பூட்டிய பிறகு, சாவியைப் போட்டுக் கொயிலின் நேர்முனையில் வோல்ற் பார்த்தோம். பற்றரியில் 12.6. கொயிலில் 10.9. இடையில் ஒன்றேமுக்கால் வோல்ற் எங்கே போனது? அந்தக் காலப் படகுகளில் கொயிலுக்குப் போகும் மின்சாரம் சுற்றி வளைத்துப் பயணம் செய்யும். பற்றரியிலிருந்து ஸ்ராற்றர், அங்கிருந்து சுக்கான் அருகே இருக்கும் பலகையின் அம்பியர் மீற்றர், அங்கிருந்து சாவி, சாவியிலிருந்து திரும்ப எஞ்சினுக்கு. பலகையைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் இணைப்பு வளையங்களில் பச்சை பூத்திருந்தது. வயரின் தோலை உரித்தால் உள்ளே செம்பு கறுத்திருந்தது. பொயின்ற்ஸ் இதைப் பொறுத்துக்கொள்ளும். மொடியூல் அப்படியல்ல, ஸ்ராற்றர் இழுக்கும்போது பற்றரியே 10 வோல்ற்றுக்கு இறங்கிவிடும், அதிலும் வழியில் இரண்டு தொலைந்தால் அதற்குப் போதாது. அன்று மாலைவரை புதிய வயர் இழுத்தோம், வெள்ளீயம் பூசிய செம்பு. கடைசியில் கொயிலில் 12.4 நின்றது.

புளோவர் நான்கு நிமிடம் ஓடி முடிந்தது. சாவியை மகள் திருப்பினாள். ஸ்ராற்றர் முழுச்சுற்று ஒன்று சுற்றியதா என்றுகூடச் சொல்லமுடியாது, எஞ்சின் பிடித்துவிட்டது.

பொறி விழும் நேரத்தைச் சரிசெய்வது மிச்சமிருந்தது. பொயின்ற்ஸ் இருந்தபோது வைத்த நிலை மொடியூலுக்கு ஒத்துவராது. இந்த எஞ்சினுக்கு நல்ல வழி, படகை முன்னும் பின்னும் தடித்த கயிறுகளால் இறங்குதுறையில் இறுகக் கட்டி, முன் கியரில் போட்டு, பாதிக்கு மேல் வேகம் கொடுத்து, டிஸ்ரிபியூற்றரின் உடலை மெதுவாகத் திருப்பிப் பார்ப்பது. ஒரு திசையில் சுற்று கூடிக்கொண்டே போகும், ஓரிடத்தில் நின்று பிறகு குறையும். உச்சத்தைக் கண்டு சற்றே பின்னால் விட்டு இறுக்க வேண்டும். மகள் மேலே சுற்றுமானியை வாசித்துக் கத்த, நான் கீழே திருப்பினேன். கயிறுகள் விறைத்து முனகின. நுனிவிரலின் அசைவுக்கே எஞ்சினின் குரல் மாறியது. முன்பு ஓடும்போது காலடியில் தெரிந்த ஒழுங்கற்ற நடுக்கம் அன்றைக்கு மறைந்தது.

அதன்பிறகு வந்த வசந்தங்களில் இறக்கும் நாள் வெறும் இறக்கும் நாளாகிவிட்டது. சாவி திருப்பினால் எஞ்சின் பிடிக்கும், கிரேன்காரர் கையசைப்பார், போய்விடுவோம். குறைந்த வேகத்தில் அணையாமல் நின்றது. பிளக்குகள் கறுப்படிக்காமல் வெளிர்பழுப்பாக வந்தன. பெற்றோல் மிச்சமாகிறது என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

பிறகு ஒரு ஓகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை. ரொறொன்ரோத் தீவுகளிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். லெஸ்லி ஸ்றீற் ஸ்பிற்றுக்கு வெளியே வந்தபோது காற்று விழுந்துவிட்டது. எஞ்சினைப் போட்டு ஓடினோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், சாவியை யாரோ நிறுத்தியதுபோல் ஒரே வெட்டாக நின்றது. இருமவில்லை, திணறவில்லை. பெற்றோல் தட்டுப்பாடென்றால் இருமும். வெட்டாக நின்றால் மின்சாரம். ஸ்பிற் என்பது நகரத்துக் கட்டட இடிபாடுகளைக் கொட்டி உருவாக்கிய கரை. கொங்கிறீற் கட்டிகளும் துருத்திய இரும்புக் கம்பிகளும்தான் ஓரம். பழைய அலை எங்களை அந்தப் பக்கம் மெல்லத் தள்ளியது. முதலில் நங்கூரம் போட்டோம். அது பிடித்ததை உறுதி செய்த பிறகுதான் படியைக் கழற்றினோம்.

கொயிலின் நேர்முனையில் வோல்ற் சரியாக இருந்தது. எதிர்முனையில் மீற்றரை வைத்து மகள் பார்க்க, நான் கைபிடியால் எஞ்சினைச் சுற்றினேன். மொடியூல் வேலை செய்தால் முள் ஏறி இறங்க வேண்டும். அசையவில்லை. பொறி பார்க்கிறேன் என்று கொயில் வயரைக் கழற்றி இரும்பில் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பெற்றோல் படகில் அதைச் செய்யவே கூடாது.

“பை எங்கையப்பா?” என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திராமல் வரைபட மேசையின் கீழிருந்து அதை எடுத்துவந்தாள். மாமாவின் சொல்லைக் கேட்டு, புதிய பொயின்ற்ஸ் ஒன்றும் கண்டன்சரும், ஏற்ற திருப்புளியும் அதில் வைத்திருந்தோம். கொயில் 3 ஓம் என்பதால் பொயின்ற்ஸோடும் அது பொருந்தும். காந்த வளையத்தை அவள் உருவி எடுத்தாள், மொடியூலைக் கழற்றினாள். சின்ன விரல்கள் அந்த இடத்துக்கு என்னுடையவற்றைவிட உதவின. நான் எஞ்சினைச் சுற்றி மேட்டின் உச்சியில் நிறுத்த, அவள் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை முகங்களுக்கு இடையில் விட்டு, தட்டியும் தட்டாமலும் இழுபடும்வரை வைத்து இறுக்கினாள். கடைசியில் ஒரு விசிட்டிங் கார்ட்டைக் கிழித்து முகங்களுக்கிடையே இழுத்தாள், கறுப்பு வராமல் போகும்வரை. மயிலிட்டிக் கொட்டிலை அவள் கண்டதில்லை.

பொறி நேரம் கொஞ்சம் பிசகித்தான் இருந்தது. ஆனாலும் எஞ்சின் பிடித்தது. குறைந்த வேகத்தில் குன்றுகளின் ஓரமாக வந்து இருட்டும் நேரத்தில் துறைக்குள் நுழைந்தோம். செத்த மொடியூலை மேசையில் வைத்துச் சோதித்தேன். சாவு மட்டும் உறுதியாயிற்று, காரணம் றெசினுக்குள் மூடியிருந்தது. மாமாவுக்குச் சொன்னேன். “பிள்ளை பூட்டினதே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடுத்த கிழமையே இன்னொரு புதிய மொடியூலைப் பூட்டினேன். இது சிலருக்கு வியப்பாக இருந்தது. பொயின்ற்ஸ்தானே காப்பாற்றியது, பிறகேன் மறுபடியும் என்று கேட்டார்கள். பொயின்ற்ஸ் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழைக்கும், ஆனால் எங்கேயும் கையால் திருத்தலாம். மொடியூல் ஆண்டுக்கணக்காகப் பிழைக்காது, பிழைத்தால் முழுவதும் போய்விடும், திருத்த வழியில்லை. மொடியூல் ஓடுவதற்கும் பொயின்ற்ஸ் பையில் இருப்பதற்கும் உகந்தது என்பது என் தீர்மானம். பழைய படகு எஞ்சினை வைத்திருக்கும் எவருக்கும் மின்னணு இக்னிஷன் போடச் சொல்லித்தான் ஆலோசனை சொல்வேன்.

இப்போது நம் ஆட்கள் பலர், குறிப்பாக இளையவர்கள், பிக்கரிங்கிலும் ஸ்காபரோவிலும் பழைய படகுகள் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கண்டால் மனம் நிறைகிறது. அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். மொடியூல் வாங்கமுன் கொயிலின் தடையை அளவுங்கள், கொயிலுக்கு எத்தனை வோல்ற் வருகிறது என்று பாருங்கள். அந்த இரண்டையும் திருத்தாமல் புதிய பொருள் பூட்டினால் பழைய நோய் புதிய உறுப்பில் தொடரும். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்தபடி விடாதீர்கள். கொயிலும் மொடியூலும் சூடேறும். புளோவர் நான்கு நிமிடத்தை ஒருபோதும் சுருக்காதீர்கள். நல்ல பொயின்ற்ஸ் ஒன்று, கண்டன்சர், ஃபீலர் கேஜ், பொருந்தும் திருப்புளி இவற்றை ஈரம் புகாத பையில் போட்டுப் படகிலேயே வையுங்கள். வீட்டுக் கராஜில் இருப்பது ஏரியில் உதவாது. படகில் ஏறும் ஒருவருக்காவது, முடிந்தால் உங்கள் பிள்ளைக்கு, கரையில் நிற்கும்போதே அவற்றைப் பூட்டப் பழக்கிவிடுங்கள்.